கொசுவல போட்ட வலைத்தளம்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை உள்ள எல்லா வீட்டு ஜன்னல்களையும் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒன்று, கொசு. இன்னொன்று, கொசுவல.

‘கொசுவலை என்று ஒழுங்காக எழுதத் தெரியாதா, கடைசியில் ஐ எங்கே?’ என்று சிலர் இப்போதே பேனாவை எடுத்திருப்பீர்கள். கீழே வையுங்கள். அந்த ஐயால்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. அதில் நான் தோற்ற கதைதான் இது.

ஜன்னலுக்கு வலை அடிப்பது அவர் தொழில். மொபெட்டின் பின்னால் வலைச் சுருள்களைக் கட்டிக்கொண்டு ‘கொசுவலேய்ய்’ என்று முதுநகரில் கூவினால் மஞ்சக்குப்பத்தில் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும். வீட்டில் வைத்த பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. அவரும் யார் பெயரையும் கேட்டதில்லை. ஆறு ஜன்னல் டாக்டர், கொக்கி உடைஞ்ச வக்கீல் என்றுதான் ஆட்களை நினைவில் வைத்திருப்பார். நான் மூணு ஜன்னல். நேரில் கூப்பிடும்போது எல்லோரும் மச்சான். தாசில்தார்கூட மச்சான்.

அளவெடுப்பது சாண் கணக்கில். பிறகு ஒரு மரியாதைக்கு டேப் வைப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், “டேப்பு கெட்டுப் போச்சு, மாத்தணும்” என்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் இருக்கும். அதன் வாயில் வலைத் துண்டு கட்டியிருக்கும், உள்ளே ஒரு கொசு. “காலைல புடிச்சதும்மா. வெளில வருதா பாருங்க.”

ஒரு அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, “அது செத்துல்ல கெடக்கு?” என்றார்.

“வெளில வர முடியாமத்தாம்மா செத்துச்சு” என்றார் கொசுவல. அந்த வீட்டில் எட்டு ஜன்னலுக்கு ஆர்டர்.

இப்படிக் கூவிப் பிழைத்துக்கொண்டிருந்தவருக்கு வந்தது வினை. ஊரைச் சுற்றிப் புதிது புதிதாக மனைப்பிரிவுகள் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேட், ஒரு வாட்ச்மேன், ‘கூவி விற்பவர்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஒரு போர்டு. புது வீடுகள் எல்லாம் அந்தக் கேட்டுகளுக்கு உள்ளேதான் இருந்தன. பழைய தெருக்களில் வலை அடிக்க இனி ஜன்னல் மிச்சமில்லை. கூவ இடமில்லை என்றால் அவர் வீட்டில் உலை இல்லை.

பைபாஸ் பக்கத்து மனைப்பிரிவு ஒன்றில் நடந்ததை அவரே சொன்னார். வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்தபோது சங்கச் செயலாளர் வாக்கிங் முடித்து வந்திருக்கிறார். “எல்லாம் ஆன்லைன்லயே கெடைக்குது. நீ எதுக்குய்யா தெருவுல நின்னு கத்துற?” என்று கேட்டிருக்கிறார். அந்த ஆளுக்கு எத்தனை கொழுப்பு பாருங்கள். உழைத்துப் பிழைக்கிறவன் குரல் கத்தலாம். இவர் வீட்டு டி.வி. போடும் சத்தம் மட்டும் சங்கீதமா?

நான் அப்போது கலெக்டர் ஆபீஸ் பின்புறம் ஆன்லைன் சென்டர் வைத்திருந்தேன். சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, பிழையில்லாமல் இங்கிலீஷில் மனு அடித்துக் கொடுப்பது. அந்தப் பிழையில்லாத இங்கிலீஷைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொசுவல நேராக என் கடைக்கு வந்தார்.

“மச்சான், ஆன்லைன்ல எனக்கு ஒரு எடம் வேணும்.”

“எத்தனை சதுர அடி?”

“கிண்டல் பண்ணாத. ஒரு ஜன்னல் அளவுக்கு இருந்தா போதும்.”

“அதுக்கு வெப்சைட் போடணும். தமிழ்ல வலைத்தளம்னு சொல்லுவாங்க.”

கொசுவல நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “இன்னாது? வலைத்தளமா? அப்ப இது நம்ம தொழிலுய்யா! எவன் எவனோ போட்டுக்கினு இருக்கான், எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம!”

பாண்டிச்சேரியில் வெப்சைட் போடும் இளைஞர் ஒருவரை வரவழைத்தேன். லேப்டாப்பைத் திறந்து முக்கால் மணி நேரம் பேசினார். லோகோ வேண்டும், பிராண்ட் வேண்டும், நாலு மாதம் ஆகும். அவர் சொன்ன தொகைக்கு மாவட்டத்துக்கே வலை அடித்துவிடலாம். கொசுவல பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, உங்க வூட்டுல எத்தினி ஜன்னல்?” என்றார். அவருக்குத் தெரியவில்லை. “சொந்த வூட்டு ஜன்னலே தெரியல, எனக்கு ஜன்னல் வைக்கிறேங்கிறாரு. அனுப்பி வுடு மச்சான்.”

தீபாவளி மழை பிடிப்பதற்குள் தளம் வந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. மழை பிடித்தால் கொசு, கொசு வந்தால் வியாபாரம். என் கடை மூலையில் போனும் கையுமாக உட்கார்ந்தார். விவரங்களைப் பூர்த்தி செய்தால் தளமாகிவிடும் ரெடிமேட் அச்சுகள் ஆன்லைனில் சும்மா கிடைக்கின்றன என்று காட்டினேன். அவ்வளவுதான் என் உதவி. மீதியை மூன்று நாள் உட்கார்ந்து அவரே தட்டினார், ஒற்றை விரலால், ஆணி அடிக்கிற மாதிரி. செலவு என்று பார்த்தால் தளத்தின் பெயருக்கு ஒரு வருடச் சந்தா மட்டும்தான். அது ஒரு ஜன்னல் வலைக்குக்கூடக் காணாது.

அந்தப் பெயரில்தான் சண்டை வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் கொசுவலை என்று அடித்தவர் கடைசியில் வர வேண்டிய ஐயை விட்டுவிட்டார். பணமும் கட்டிவிட்டார்.

“யோவ், தப்பாப் போட்டுட்டய்யா! கொசுவலைக்கு ஒரு ஐ வரணும். ஊரே சிரிக்கும்!”

“நீ கடைக்குப் போனா இன்னான்னு கேப்ப?”

“கொசுவலைன்னு கேப்பேன்.”

“பொய்யி. மூணு வருசம் முன்ன நீ எங்கிட்ட ‘யோவ், கொசுவல மீட்டர் எவ்ளோ’ன்னு கேட்ட. ஐ எல்லாம் போடல. போன்ல தேடுறவன் வாயில வர்றததான் தட்டுவான். இது உன் மனுவுக்குப் போட்ட பேரு இல்ல மச்சான், என் கஸ்டமருக்குப் போட்ட பேரு.”

எனக்குக் கோபம் வந்தது. படிக்காத ஆள் சொல்வது சரியாக இருந்தால் படித்தவனுக்கு வருகிற கோபம் அது.

அடுத்த சண்டை, தளத்தில் என்னென்ன போடுவது என்று. ஃபால்ஸ் சீலிங், பிளாஸ்டிக் கதவு, திரைச்சீலை எல்லாம் சேர்த்துப் போடு, ஆள் நிறைய வருவார்கள் என்றேன். கொசுவல சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து என் மேசைமேல் வைத்தார். “வலன்னா ஓட்டை சின்னதா இருக்கணும். உன் பேச்சைக் கேட்டு ஓட்டையைப் பெருசாக்கினா யானதான் மாட்டும். கடலூர்ல ஏது யான?”

ஆக, தளம் முழுக்கக் கொசுவலை மட்டும். அதுவும் கடலூரும் சிதம்பரமும் மட்டும். புவனகிரியில் மாமனார் வீடு இருந்ததால் நடுவில் அதையும் சேர்த்துக்கொண்டார். முதல் பக்கத்தில் பாட்டிலின் படம். கொசு தெரியவில்லை என்று அம்புக்குறி போட்டு ‘கொசு’ என்று எழுதினார். சாண் கணக்கில் அளவெடுப்பது எப்படி என்று ஒரு பக்கம். ஒளிவுமறைவில்லாமல் விலை ஒரு பக்கம். அவர் எடுத்த அச்சு ஏதோ கேக் கடைக்குச் செய்தது போலிருக்கிறது. ‘தினமும் புதிதாகச் சுடுகிறோம்’ என்று அடியில் இங்கிலீஷில் இருந்த வரியை அழிக்க மறந்துவிட்டார். முதன்முதலில் வந்த போன், பிறந்தநாள் கேக் கேட்டு வந்தது. அவர் அசரவில்லை. “கேக்கு இல்ல சார். கேக்குல ஈ மொய்க்காம இருக்க வல இருக்கு” என்று அந்த வீட்டுக்கு இரண்டு ஜன்னல் அடித்துவிட்டு வந்தார்.

தளத்துக்கு வந்தவர்களை எண்ணிக் காட்டும் பெட்டி ஒன்று கீழே இருந்தது. கொசுவலக்கு அதுதான் உயிர். ஒரு நாள் ஓடி வந்தார்.

“மச்சான், பதினோரு பேரு வந்துட்டுப் போயிருக்காங்க!”

“யோவ், பதினோரு தடவையும் நீதான்யா தொறந்து பாத்த.”

முகம் சுருங்கிவிட்டது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். என் வாய் அப்படி.

ஆனால் அவர் விடவில்லை. போகிற வீட்டில் எல்லாம் என்ன கேட்கிறார்களோ அதற்கு ஒரு பக்கம் எழுத ஆரம்பித்தார். ‘எங்க வீட்டுப் பூனை வலையைக் கிழிக்கிறது’ என்று திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டில் கேட்டார்கள். அன்று மாலையே ஒரு பக்கம் எழுதினார். தலைப்பு: ‘பூன கிழிக்காத கொசுவல’. பூனை நகம் எதில் மாட்டும், எதில் மாட்டாது, ஸ்டீல் வலை ஏன் விலை ஜாஸ்தி, எல்லாம் அவர் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். எழுத்துப்பிழைகளை எண்ணப் போய் முப்பதோடு நிறுத்திக்கொண்டேன். மழை பிடித்த வாரம், வந்தவர் பெட்டி ஓட ஆரம்பித்தது. ஊரில் இத்தனை பூனைகளா என்று நானே அசந்துபோனேன்.

அப்படி வந்த போன்களில் ஒன்று அந்த பைபாஸ் மனைப்பிரிவுச் செயலாளருடையது. வீட்டில் பூனை. எட்டு ஜன்னலும் கிழிசல். மனைவிக்குக் காய்ச்சல். போர்டு வைத்தவருக்கு, தான் யாரிடம் பேசுகிறோம் என்று தெரியவில்லை. விலாசத்தைச் சொன்னதுமே இவருக்குத் தெரிந்துவிட்டது.

வேடிக்கை பார்க்க நானும் மொபெட்டில் தொற்றிக்கொண்டேன். வாட்ச்மேன் மரியாதையாகக் கேட்டைத் திறந்தார். கொசுவல உள்ளே போகவில்லை. வண்டியை அணைத்து, போர்டுக்கு நேர் கீழே ஸ்டாண்டு போட்டார். கொஞ்ச நேரத்தில் செயலாளரே பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“நீயா… நீங்களா? ஏன் அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க.”

“வரேன் மச்சான். ஆனா கூவிக்கினேதான் வருவேன்.”

“அதான் நானே கூப்பிட்டனே, அப்பறம் எதுக்குக் கூவணும்?”

“நீ கூப்ட்ட. மத்த வூட்டுக்காரங்க கூப்புடலியே? அவுங்க வூட்லயும் கொசு இருக்கும்ல? போர்டுல கூவக் கூடாதுன்னு இருக்குது. கூவாம வல அடிக்க எனக்குத் தெரியாது. வேணாம்னா சொல்லு, புவனகிரில வேலை கெடக்கு.”

செயலாளர் போர்டைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். பூனை அவர் சட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தது.

“சரி, கூவுங்க” என்றார்.

நாலு தெரு. நாலிலும் வண்டியை உருட்டிக்கொண்டே கூவினார், ‘கொசுவலேய்ய்’ என்று. அதில் எங்கும் ஐ இல்லை. அன்று ஒரு நாளில் ஏழு வீட்டு ஆர்டர். அடுத்த வாரம் போர்டே இல்லை.

இப்போது நான் சிதம்பரத்துக்கு வீடு மாற்றி வந்துவிட்டேன். கோயில் பக்கத்துத் தெரு, நாலு ஜன்னல், நாலிலும் கொசு. வலை அடிக்கிற வேறொருவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார். கொசுவலயின் நம்பரும் என் போனில் இருக்கிறது, ஒரு தட்டு தட்டினால் போதும். நான் தட்டவில்லை. தளத்தின் பெயரை ஐ இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாகக் கவனமாகத் தப்பாக அடித்து, பாட்டில் படத்தையும் அம்புக்குறியையும் பார்த்துவிட்டு, அங்கிருந்துதான் கூப்பிட்டேன். அவருடைய பெட்டியில் ஒரு ஆள் கூடட்டும் என்றுதான்.