என்சைம்காரர் ஆய்வகத்துக்குத் திரும்பிய கதை

விருது வாங்கிய உயிர்வேதியியலாளர் என்று ஓர் இனம் உண்டு. விருது வாங்காதவரும் பார்வைக்கு அப்படியேதான் இருப்பார். ஆனால் பெண்ணுக்கு எந்தப் படிப்பு நல்லது, முழங்கால் வலிக்கு என்ன செய்வது என்று அவரை யாரும் கேட்பதில்லை. இவரைக் கேட்பார்கள். இவரும் சொல்வார்.

நமக்குத் தெரிந்தவரையே எடுத்துக்கொள்ளுங்கள். என்சைம்காரர் என்றால்தான் தெரியும். இளமையில் ஜன்னலில்லாத ஓர் அறையில் கல்லீரல் துண்டுகளை அரைத்து, வடிகட்டி, குளிர்பெட்டிக்குள் கைவிட்டு விறைத்து, மனைவியின் பிறந்தநாளை மறந்து, தன்னுடையதையும் மறந்து, உடம்பில் சேரும் ஒரு நஞ்சை முறிக்கும் என்சைமைக் கண்டுபிடித்தார். அசல் உழைப்பு. அதில் கேலி இல்லை. விருது வந்தது, உழைப்பு விடைபெற்றது. பிறகு அவர் சோதனைக்குழாயைக் கையில் எடுத்ததெல்லாம் புகைப்படக்காரருக்காகத்தான்.

வீட்டில்?

"என்னங்க, பால் பொங்குது, அடுப்பை அணைங்க!"

"பால் ஏன் பொங்குது தெரியுமா? அதுல இருக்கிற புரதம் மேலே ஆடையா..."

"தெரியும். இப்ப தரையெல்லாம் அந்தப் புரதம்தான்."

மேடையில் அவருக்குப் பிடித்த வாக்கியம் ஒன்று: "விஞ்ஞானம்னா என்ன? சந்தேகம்!" மேசையைத் தட்டுவார். அரங்கம் அதிரும்.

ஒரு நாள் அவருடைய ஆராய்ச்சி மாணவி காரை மறித்து நின்றாள். அவள் பட்டம் அவர் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், நஞ்சை முறிக்கிறது நம்ம என்சைம் இல்ல. அதோட ஒட்டிக்கிட்டு வர்ற இன்னொண்ணு."

"சாம்பிள் கெட்டிருக்கும்."

"திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன் சார்."

"அப்ப உன் கை சரியில்ல."

கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே? சந்தேகத்தின் பெருமையைப் பற்றிப் பேச!

காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மெதுவாகச் சொன்னார்: "அவ சொல்றது தப்புன்னா செஞ்சு காட்டிட வேண்டியதுதானே? இல்ல, செய்முறையே மறந்துபோச்சா?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலை ஆய்வகத்துக்குள் நுழைந்தார். வெள்ளை அங்கி வயிற்றைத் தாண்டிப் பொத்தான் போட மறுத்தது. குளிர்பெட்டி எந்த அறையிலிருக்கிறது என்று மாணவியைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அரைத்தார், வடித்தார், என்சைமையும் அதோடு ஒட்டி வந்ததையும் தனித்தனியே பிரித்தார், காத்திருந்தார். முடிவைப் பார்த்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நீ சொன்னதுதான்மா சரி," என்றார். உடனே குலுங்கிச் சிரித்தார். "அடடா! வேலை செஞ்சவனை விட்டுட்டு, பக்கத்துல நின்னவனையில்ல தூக்கி வச்சுக் கொண்டாடியிருக்கேன்!" அன்று மதியச் சாப்பாட்டை மறந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பல வருஷமாகியிருந்தது.

ஆய்வுக்கட்டுரையில் மாணவியின் பெயரை முதலில் போட்டு, தன் தவறை ஊரறிய வெளியிட்டார். கையெழுத்தும் விழுந்தது, அவள் பட்டம் பெற்றாள். கதை இங்கே முடிந்திருந்தால் அவர் மகான்.

தவறை ஒப்புக்கொண்ட துணிச்சலுக்காக அவருக்கு இன்னொரு விருது கொடுத்துவிட்டார்கள்.

இப்போது மேடைக்கு மேடை அந்தத் தவறைத்தான் பேசுகிறார். என்ன பெருமிதம்! வேறு யாராலும் அவ்வளவு அருமையாகத் தப்புச் செய்திருக்க முடியாது என்று தோன்றும். மாணவிக்கு முன்வரிசையில் இடம் உண்டு.

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் நீங்கள் எப்போதோ நன்றாகச் செய்த காரியம் ஒன்று இருக்குமே, அதைக் கடைசியாக யாரிடம் சொன்னீர்கள்? அவர் அதை முதல்முறையாகக் கேட்டாரா? இல்லை, உங்கள்மேல் உள்ள பிரியத்தில், "அப்படியா!" என்றாரா?