மீன் கடிக்கும் பாறை

கோவிந்தராஜன் ஒற்றைச் செருப்போடு லிஃப்டை விட்டு வெளியே வந்தபோது, மனைவி கிரிஜா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மீன் எங்கே என்று அவள் கேட்கவில்லை. இன்னொரு செருப்பு எங்கே என்றுதான் கேட்டாள்.

"கடல்ல போயிடுச்சு."

"அப்ப இன்னைக்குக் கடலுக்கு ஏதோ சிக்கியிருக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து ஔந்த் பகுதியில் குடியேறியவர் கோவிந்தராஜன். மென்பொருள் கம்பெனியில் மேனேஜர். புனேயில் கடல் கிடையாது. தூண்டில் போட ஆசைப்பட்டால் மலையிறங்கிக் கொங்கண் கரைவரை கார் ஓட்ட வேண்டும். மழை விட்டதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். கடல்தான் அவரைச் சட்டை செய்யவில்லை.

மீன் கிடைக்காததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். மனோஜையும் முகமது ரஃபீக்கையும்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு பேரும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். திங்கட்கிழமை ஆனால் ஆபீஸ் வாட்ஸப் குழுவில் ஆளுக்கொரு மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் போடுவார்கள். ஒரு பாறை மீனைப் பிடித்துக்கொண்டு 'பாறையில் நின்று பாறை பிடித்தேன்' என்று ரஃபீக் எழுதியதற்குக் குழுவே சிரித்துத் தீர்த்தது. அதற்கப்புறம் அவர்களிடம் வேலை ஏன் முடியவில்லை என்று கேட்கவே கோவிந்தராஜனுக்கு வாய் வரவில்லை. ஒருமுறை கேட்டும் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுமை வேணும் சார்" என்றான் மனோஜ். "தூண்டில் போடறவங்களுக்குச் சொன்னா புரியும்."

மீட்டிங்கில் இருந்த அத்தனை பேரும் மேஜையைப் பார்த்தார்கள்.

கௌரவத்தை விட்டு அவனிடமே இடம் கேட்டார். மணல் கரையில் நிற்பது வீண், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பாறையாகப் பாருங்கள், நுரை பொங்கும் இடத்தில்தான் மீன் மேயும் என்று சொல்லி மேப்பில் ஒரு புள்ளியை அனுப்பி வைத்தான். அங்கேதான் கொக்கிகளெல்லாம் பாறையிடுக்கில் மாட்டி அறுந்தன. செருப்பும் போனது.

ரஃபீக் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினான். அந்தப் பாறைக்குத் தண்ணீர் ஏறும் நேரத்தில் அல்லவா போக வேண்டும் என்றான். அடுத்த வாரம் அப்படியே போனார். தண்ணீர் ஏறியது. முன்னால் மட்டுமல்ல, பின்னாலும் ஏறியது. அது வடியும்வரை பாறையுச்சியில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரையில் நின்ற சுற்றுலாக்காரர்கள் அவரையும் சேர்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

இனி யாரையும் நம்புவதில்லை என்று தொழில்முறையில் இறங்கினார். காற்று, அலை, ஆழம், கார் போகும் வழி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, கலர் கலராகக் கட்டம் கட்டி, முதலாவதாக வந்த முனைக்குக் காரை விட்டார். வழியில் பம்பர் கழன்றது. போய்ச் சேர்ந்தால் அது செங்குத்துப் பாறை. கடல் அதலபாதாளத்தில் கிடந்தது. விட்ட தூண்டில் தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் ஆட, ஒரு கடற்காகம் இறாலைக் கவ்விக்கொண்டு போயிற்று. அந்தப் பருவத்தில் அவருடைய இரையைத் தொட்ட முதல் உயிர் அதுதான்.

அடுத்த மீட்டிங்கில் மனோஜ் மறுபடி பொறுமையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கவும், கோவிந்தராஜனுக்கு எங்கிருந்தோ ஆவேசம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தன் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும், தன் கையால் பிடித்த மீன் என்று அறிவித்துவிட்டார்.

"நான் மசாலா அரைச்சு வெச்சர்றனுங்க" என்றாள் கிரிஜா. "மீன் வரலீன்னா வர்றவங்களுக்கு மசாலாவையே ஊத்திருவேன்."

அந்தச் சனிக்கிழமை கண்ணில் பட்ட பாறையிலெல்லாம் ஏறினார். முழங்கால் சிராய்த்தது. ரீல் கடலோடு போனது. மீன் வரவில்லை.

திரும்பும் வழியில், மலையேற்றம் தொடங்குவதற்கு முன்னால், தகரக் கொட்டகையில் ஒரு பெண் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். கோவிந்தராஜன் அதைத் தாண்டிப் போனார். வண்டியை நிறுத்தினார். வெகுநேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ரிவர்ஸிலேயே ஓட்டி வந்தார். வாழ்க்கையில் பரீட்சையில்கூட அவர் காப்பியடித்ததில்லை.

பெரிய கொடுவா ஒன்றைக் காட்டி, வெட்ட வேண்டாம், செதில்கூட எடுக்க வேண்டாம், முழுசாக வேண்டும் என்று தன் இந்தியில் சொன்னார். விருந்தாளிகளுக்கு முழுமீன்தான் பிடிக்கும் என்று அவள் கேட்காத விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டார்.

அவள் காருக்குள் நீட்டிக்கொண்டிருந்த தூண்டிலைப் பார்த்தாள். அவருடைய பனியனில் இருந்த கம்பெனிச் சின்னத்தைப் பார்த்தாள். பிறகு தராசுக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு டப்பாவிலிருந்து தூண்டில் கொக்கி ஒன்றை எடுத்து, பக்குவமாக மீனின் உதட்டில் குத்திக் கொடுத்தாள்.

"கொட்டகைக்குப் பின்னாடி ஒரு பாறை இருக்கு, அங்க போய் போட்டோ எடுத்துக்கங்க சாஹேப்" என்றாள். "இதே பனியன் போட்டுக்கிட்டு வர்ற ரெண்டு பேரும் வாராவாரம் அங்கதான் மீன் பிடிக்கிறாங்க."