மைக்செட் காதுக்குப் பெட்டி பார்த்த கதை

காரைக்குடியில் காது உள்ள எல்லோரையும் ஒரு தடவையாவது தூக்கிவாரிப் போட வைத்தவர் எங்கள் தெரு மைக்செட்தான். காது கேட்காதவர்களுக்கு நெஞ்சு அதிரும். கல்யாணம், காதுகுத்து, பூச்சொரிதல், கட்சிக் கூட்டம், எதுவானாலும் அவர் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி முதல் பாட்டைப் போட்டதும் எங்கள் வேப்பமரத்துக் காக்கைகள் குன்றக்குடி மலைக்குக் குடிபோய்விடும். மூன்றாம் நாள்தான் திரும்பி வரும்.

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்தது. தபால்காரர்கூட அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் பெரியப்பா மகள் பாக்கியத்தைக் கட்டியவர் என்பதால் எனக்கு மட்டும் அவர் மச்சான். நானும் அந்தத் தெருவுக்கே வாக்கப்பட்டேன். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் நாற்பது வருசமாக ஆணி நின்றதில்லை. அடித்த ஆணி அவர் சத்தத்திலேயே கழன்று விழும்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டேன். கீரைக்காரரிடம்கூட விரலைக் காட்டித்தான் வாங்குவேன். ஒரு பூச்சொரிதல் அன்று கம்பத்தில் ஏறிக் குழாயைத் திருப்பிக்கொண்டிருந்த மச்சான் மேலிருந்து என் அடுப்படியைப் பார்த்துவிட்டார். இறங்கி நேரே என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். பத்தடிதான். அவர் மைக்குக்குப் போனார்.

"பக்தகோடிகளுக்கு ஓர் அன்பான அறிவிப்பு. ஏழாம் நம்பர் வீட்டுக் கொழுந்தியா அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுக்கிட்டு இருக்கு. எங்கிருந்தாலும் உடனடியா வீட்டுக்கு வரவும்."

கழனிவாசல் ஊர் வரைக்கும் கேட்டதாம். நான் நாலு நாள் வாசலுக்குக் கோலம் போட வரவில்லை. இப்போது மகனோடு தேவகோட்டைக்கு வந்துவிட்டேன். இங்கேயும் யாராவது மைக்கைத் தட்டினால் என் கை தானாக அடுப்பை அணைக்கப் போகிறது.

நான் காரைக்குடியில் இருந்தபோதே, இப்படிப்பட்ட மனிதர் வீட்டிலிருந்து ஒருநாள் காலையில் சத்தமே இல்லை. பாக்கியத்தக்கா தவறி இரண்டு வருசம் ஆகியிருந்தது. தொழிலை விட்டுவிட்டு, குழாய் கட்டின கல்யாணங்களில் பதிவு செய்து வைத்திருந்த பழைய கேசட்டுகளை வீட்டிலேயே போட்டு அலறவிட்டுக்கொண்டிருந்தார். தெருவே சகித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமும் நின்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. போட்டது போட்டபடி ஓடினேன். நாற்காலியில் கண்ணை மூடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு காதிலும் தேங்காய்ச் சிரட்டை அளவுக்குக் கறுப்பாக எதையோ கவிழ்த்திருக்கிறார். செத்துத்தான் போய்விட்டார் என்று நினைத்து ஒப்பாரிக்கு வாயெடுத்துவிட்டேன். கண்ணைத் திறந்தார்.

"என்னாத்தா, பால் பொங்கிருச்சா?"

அது ஹெட்போன். தெருக்காரர்களுக்குப் பயந்து சிங்கப்பூரிலிருந்து மகள் அனுப்பி வைத்தது. கேசட்டுகளை எல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுத்துப் போனில் ஏற்றி வாங்கியிருந்தார். ஆனால் ஹெட்போனில் சத்தம் சன்னமாகத்தான் வந்தது. "ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர்ல எட்டுக் குழாயை மாட்டுனா எப்படி முனகும், அப்படி முனகுது" என்றார்.

அன்றைக்குத்தான் விசயத்தையும் சொன்னார். அவர்கள் கல்யாணக் கேசட்டில் ஓர் இடம். நாயனத்துக்கு அடியில் பாக்கியத்தக்கா யாரிடமோ என்னவோ சொல்கிறாள். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். சிரிப்பு கேட்கிறது, பேச்சு பிடிபடவில்லை. உயிரோடு இருந்தவரைக்கும் அவளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். "அதெல்லாம் அன்னைக்கே சொல்லியாச்சு" என்று சொல்லி மறுபடி சிரிப்பாளாம்.

"அவ என்ன சொன்னான்னு தெரியாம எனக்குக் கட்டை வேகாதுத்தா" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் அக்கா சொன்னது என்னிடம்தான்.

அந்தக் கல்யாணத்துக்கும் குழாய் கட்டினது மாப்பிள்ளையேதான். தாலி கட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது குழாய் நின்றுபோனது. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக மணவறையிலிருந்து எழுந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஓடிவிட்டார். ஐயர் வாய் பிளந்தார். மாமனார் தூணைப் பிடித்துக்கொண்டார். தோழியாக நின்றிருந்த என் காதில் அக்கா சொன்னாள், இந்த ஆளோடு வாழ முடியாது, இப்போதே எழுந்து போய்விடவா என்று. எனக்கு ஞாபகம் இருந்தது அவ்வளவுதான். நான் பதில் பேசின நினைவுகூட இல்லை. குழாய்தான் நின்றதே தவிர, கேசட்டில் பதிவு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இதை எந்த வாயால் இவரிடம் சொல்வது? கேட்காமலே போகட்டும் என்று குன்றக்குடி முருகனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன்.

அவர் விடுவாரா? மாடி வீட்டு ரோசலின் டீச்சரைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் விளக்கிச் சொன்னது எனக்கே புரிந்தது. பாட்டைப் போனில் ஏற்றினதும் சத்தமெல்லாம் எண்ணாகிவிடுமாம். கேட்கும்போது அந்த எண்ணை மறுபடி சத்தமாக மாற்ற வேண்டும். அதைச் செய்கிற சாமானுக்கு டேக் என்று பேர். போனுக்கும் குட்டியாக ஒரு டேக் உண்டு. ஆனால் இந்தப் பெரிய ஹெட்போனை அசைக்க அதற்குத் தெம்பு கிடையாது. தெம்புள்ளதாகத் தனியாக வாங்க வேண்டும்.

டீச்சர் சொன்னதில் மச்சான் எடுத்துக்கொண்டது கடைசி வார்த்தையை மட்டும்தான். கேட்காமல் கொள்ளாமல் தானே ஒன்றை வரவழைத்தார். பூசணிக்காய் வாங்குகிற மாதிரி கையில் ஏந்தி எடை பார்த்தார். "கனம் இருந்தாத்தான் சத்தம் நிக்கும்" என்றார். கனம் இருந்தது. ஹெட்போன் சொருக ஓட்டைதான் இல்லை. முன்னால் தடவினார், பின்னால் தடவினார், கவிழ்த்துத் தட்டினார். பின்பக்கம் ஆம்ப்ளிஃபயர் ஒயர் சொருகச் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

வேறு யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். சிவப்பு ஓட்டையைப் பார்த்ததும் மச்சானுக்குப் பழைய ரத்தம் சூடாகிவிட்டது. பரணிலிருந்து ஆம்ப்ளிஃபயரை இறக்கினார். மொட்டை மாடியில் குழாயை வைத்தார். "டெஸ்டிங்தான்" என்று சொல்லிக்கொண்டே கைக்கு வந்த ஒரு கல்யாணத்தைப் போட்டார்.

அது ரோசலின் டீச்சர் கல்யாணம். மாதா கோயில் பாட்டு கணீரென்று வந்தது. டேக் நல்ல டேக். அதனால் பாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் கணீரென்று வந்தார்கள். டீச்சரின் மாமியார் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"பல்லு கொஞ்சம் முன்னாடிதான் நிக்கிது. இருந்தா என்ன? மாசா மாசம் சம்பளம் வரும்ல, அதுல மறஞ்சிரும்."

தண்ணீர்க் குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. டீச்சர் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். அந்த மாமியார் கடைசி மூச்சு வரைக்கும் 'என் தங்கமே' என்றுதான் அவரைக் கூப்பிட்டவர். சண்டை வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். டீச்சர் நிதானமாக இறங்கி வந்து ஆம்ப்ளிஃபயரின் மின்சார ஒயரைப் பிடுங்கினார்.

"ஐயா, உங்ககிட்ட எத்தனை கல்யாணம் இருக்கு?"

"ஐநூறுக்குக் குறையாது டீச்சர்."

சுற்றி நின்ற பெண்கள் முகத்தில் ஈயாடவில்லை. ஐநூறு கல்யாணத்திலும் எங்கள் தெருப் பெண்கள் பந்தியில் உட்கார்ந்து வாய் வலிக்கப் பேசியிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே ஒரு குடும்பம் சொந்தக்காரர்களைப் பார்க்க மானாமதுரைக்கு ரயில் ஏறிவிட்டது. எந்தக் கேசட்டுக்குப் பயந்து என்று இன்றுவரை தெரியாது.

"இனிமே எது கேட்டாலும் உங்க காதுக்குள்ளயே கேக்கணும். டேக்கு நான் பாக்குறேன், நீங்க ஒண்ணையும் தொடாதீக" என்றார் டீச்சர்.

டீச்சர் மாப்பிள்ளை பார்க்கிற கவனத்தோடு பார்த்தார். ஹெட்போனின் அட்டைப் பெட்டியை எடுத்து முந்நூறு ஓம் என்று போட்டிருப்பதைக் குறித்துக்கொண்டார். அந்தச் சுமையை இழுக்கிற தெம்பு வேண்டும். ஹெட்போன் ஓட்டை வேண்டும். சும்மா இருக்கும்போது இரையக் கூடாது. இவ்வளவுதான் கணக்கு என்றார். அதற்குள் மச்சான் தெரியாமல் இரண்டாவதாக ஒன்றை வாங்கிவிட்டார். அதில் கண்ணாடி வால்வு இரண்டு மஞ்சளாக எரிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. விபூதி பூசி, செம்பருத்தி வைத்து, ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, "வண்டு மாதிரி இரையுதே" என்றார். மச்சான் கேட்டுப் பார்த்து, "பரம சுத்தமா இருக்கு" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாற்பது வருசம் மைக்செட் குழாயடியில் நின்ற வலது காது எப்போதோ போய்விட்டது, இடதில் பாதிதான் மிச்சம் என்று தெருவுக்கே தெரியும். தெரியாதது அவர் ஒருவருக்குத்தான். அவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே வாழ்ந்துவிட்டார்.

மூன்றாவதாக டீச்சர் தருவித்தது சுண்ணாம்பு டப்பா அளவுதான் இருந்தது. மச்சான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எடை இல்லை. "டீச்சர், பொட்டிய மறந்துட்டு மூடிய மட்டும் அனுப்பிட்டாங்க போல" என்றார். டீச்சர் அதைப் போனில் மாட்டி, ஹெட்போனைச் சொருகி, அவருடைய கல்யாணக் கேசட்டைப் போட்டுக் கொடுத்தார்.

கேட்டார். கண் விரிந்தது. நாயனக்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது என்றார். பிறகு அந்த இடம் வந்தது. முகத்தைச் சுளித்தார். திருப்பிப் போட்டார். மறுபடி போட்டார். ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்தப் பொட்டியும் சரியில்ல டீச்சர்."

அவர் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி.

டீச்சர் வாங்கிக் கேட்டார். "பொட்டி சரியாத்தான் இருக்கு. ரெண்டு பொண்ணுக பேசுறாக, தெளிவா கேக்குது" என்றவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு உங்க குரல் மாதிரில்ல இருக்கு."

மச்சான் என்னைப் பார்த்தார். ஓட இடமில்லை. டீச்சர் ஹெட்போனை என் தலையில் கவிழ்த்துவிட்டார்.

யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று திடுக்கிட்டுத் திரும்பினேன். யாரும் இல்லை. அக்கா என் காதருகில் இருந்தாள். பத்தொன்பது வயசுக் குரல்.

"இந்த மனுசனுக்குப் பொண்டாட்டி நானா, அந்தப் பொட்டியாடி? இப்படியே எந்திரிச்சுப் போயிரவா?"

அதற்கு ஒரு பெண் சொன்னாள்: "போயிரலாம்க்கா. பின்வாசல் தொறந்துதான் கெடக்கு. நானும் வாரேன்."

அது நான். குன்றக்குடி படியில் நிறுத்திக் கேட்டிருந்தாலும் நான் அப்படிச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். கழற்றிப் போட்டுவிட்டு ஓடத்தான் நினைத்தேன். ஆனால் அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

கேட்டு முடித்துக் கழற்றினேன். மச்சான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் என் வழக்கமான குரலில் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். வேறு வழியில்லை. அவருடைய இடது காதுப் பக்கம் போய், பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த சத்தத்தை எல்லாம் எடுத்துக் கத்தினேன். அக்கா ஓடிப்போக நினைத்ததைக் கத்தினேன். பின்வாசல் திறந்து கிடந்ததைக் கத்தினேன். கூடப் போக நான் தயாராக நின்றதையும் கத்தினேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. கீரைக்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "அப்புறம் ஏன் சிரிச்சா?" என்றார்.

அதைத்தான் சொல்ல வந்தேன். அக்கா குரலைக் கேட்டதும் எனக்கே ஞாபகம் வந்துவிட்டது, அந்த நேரம்தான் மாப்பிள்ளை திரும்பி வந்தார். கல்யாண மாலையில் ஒயர் சிக்கி, ஒயரோடு மைக்கும் ஸ்டாண்டும் தரையில் இழுபட, பின்னாலேயே மாமனார் அதைப் பிடிக்க ஓடி வர, இவர் ஒன்றும் தெரியாமல் 'இப்பக் கேக்குதா, இப்பக் கேக்குதா' என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே வந்தார்.

"அதைப் பாத்துட்டுத்தான் அக்கா சொன்னா மச்சான்," என்று கத்தினேன். "'இந்தக் கூத்த விட்டுட்டு எங்கிட்டுடி போறது? இருந்து பாத்துட்டே போறேன்.' அப்படிச் சொல்லிட்டுத்தான் சிரிச்சா."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மச்சான் வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்தார். பிறகு காதைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார்.

"கேக்கலத்தா. அந்தக் கடைசியா சொன்னத இன்னொருக்கா சொல்லு."

அவருக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். கழனிவாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை கத்தினேன்.