ஏழு கடைகளைத் தூங்க வைத்த விரல்

ஒரு வேலையைச் சுலபமாக முடிப்பவர்களை நம்பலாம். சுலபமாக முடிப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவர்களை மட்டும் நம்பவே கூடாது. நான் இரண்டாவது ரகம்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில் எனக்கென்று ஒரு நாற்காலி, ஒரு பெரிய திரை. தி.நகர், சைதாப்பேட்டை, மயிலாப்பூர், அடையாறு, அப்புறம் மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று அவர்களுக்கு ஏழு கடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சர்வர். அது ஓடினால்தான் அந்தக் கடையில் பில் போட முடியும். ஏழையும் நாற்காலியை விட்டு எழாமல் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். ஓடுகிற சர்வருக்குத் திரையில் பச்சைப் புள்ளி, படுத்ததற்குச் சாம்பல் புள்ளி.

போன் சார்ஜ் போடுவதற்காக யாராவது சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள் என்று ஏழுக்கும் இரும்புக் கூண்டு செய்து பூட்டுப் போட்டிருந்தேன். சாவிகளெல்லாம் என் டிராயரில். டூப்ளிகேட் சாவிகளும் அதே டிராயரில்தான். (பாதுகாப்பு என்று வந்துவிட்டால் நான் யாரையும் நம்பமாட்டேன் என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன்.)

இவ்வளவு இருந்தும் வேலை நிரந்தரமாகவில்லை. முதலாளி அண்ணாச்சிக்கு இந்தப் பொறுப்பைத் தரமணியில் இருக்கும் ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடலாமா என்று யோசனை. விஜயதசமி வரை பார்ப்போம், அதற்குள் ஒரு குறையும் வராவிட்டால் நீயே இரு என்றிருந்தார்.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் கத்திரிக்கோல், அளவுகோல், சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. அண்ணாச்சி மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார்.

"தாயி, கத்திரிக்கோல்கூட இன்னைக்கு ஓய்வெடுக்கு. ஒன் மெஷினு மட்டும் ஓடிக்கிட்டே கெடக்கு. எல்லாத்தையும் அணைச்சிப்போடு. நாளைக்குக் காலைல ஒம்பதரைக்கு நல்ல நேரம். ஏழு கடையிலயும் ஒண்ணுபோல மொத பில்லு விழணும்."

ஏழையும் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு அழுத்து. பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பலாயின. "இம்புட்டுத்தானா?" என்று அண்ணாச்சி வாய்பிளந்தார். நான் அடக்கமாகச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.)

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தி.நகர் சர்வரைக் கையால் தட்டி எழுப்பிவிட்டு, மற்ற ஆறையும் எழுப்பலாம் என்று திரை முன்னால் உட்கார்ந்தேன். மறுபடி தொடங்கு என்பதை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினேன். அப்புறம்தான் உறைத்தது. மறுபடி தொடங்க வேண்டுமானால் அந்த மெஷின் முதலில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அடியோடு அணைந்துபோனதை ஒருவர் நேரில் போய்த்தான் பொத்தானை அமுக்கி எழுப்ப வேண்டும். தூரத்திலிருந்தே எழுப்பவும் வழி உண்டு, அதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைத்திருந்தால். நான் செய்யவில்லை.

சரி, கடையில் யாரையாவது அமுக்கச் சொல்லலாம் என்று போனை எடுத்தபோது கூண்டு ஞாபகம் வந்தது. டிராயரைத் திறந்தேன். நாகர்கோவில் கூண்டின் சாவி தி.நகரில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தது. வேலை போயிற்று என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

சாவிக்கொத்தோடு ஆட்டோவில் பாய்ந்தேன். சைதாப்பேட்டை சர்வரை எழுப்பிவிட்டு மயிலாப்பூருக்கு விரட்டினால், லஸ் கார்னரில் விஜயதசமிக் கூட்டம். வண்டி நகரவே இல்லை. மணி ஒன்பது இருபத்தைந்து. நாகர்கோவில் மேனேஜர் போன் செய்து, "சாவிய எடுத்துக்கிட்டு எப்பம்மா வருவீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மனிதரிடம், "கிளம்பிட்டேன் சார்" என்று சொல்லித் தொலைத்தேன்.

எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் திரும்பினார்.

"ஏம்மா, நாகர்கோயில்ல சுத்தியே கெடைக்காதா இன்னா? ஒரு போடு போட்டா பூட்டு தொறந்துக்கினு போவுது."

அதிர்ந்துபோனேன். பூட்டை உடைக்கலாம் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. இன்ஜினியரிங் படித்த நான் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரை வெறித்துப் பார்த்தேன். பிறகு மூச்சுவிடாமல் ஐந்து கடைகளுக்கும் போன் போட்டேன். பூஜையில் இருந்த சுத்தியல்கள் சந்தனம் குங்குமத்தோடு எழுந்து வந்து பூட்டுகளை உடைத்தன. கடைசிப் பொத்தானை அமுக்கி முடித்தபோது மணி ஒன்பது ஐம்பது. நல்ல நேரம் போய்விட்டது.

திரும்பும் வழியெல்லாம் ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே வந்தேன். தி.நகர் கடைக்குள் நுழைந்தால் அண்ணாச்சி கல்லாவில் நிதானமாக உட்கார்ந்திருந்தார். முன்னால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பழைய பில் புத்தகம். தி.நகரில் மெஷின் ஓடியும், ஏழு கடையும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று சரியாக ஒன்பதரைக்கு முதல் பில்லைக் கையால் எழுதியிருந்தார். மற்ற கடைகளில் மெஷின் ஓடவில்லை என்று தெரிந்ததும் அங்குள்ள மேனேஜர்களையும் அப்படியே எழுதச் சொல்லியிருந்தார். ஏழு கடையிலும் முதல் பில் விழுந்துவிட்டது. என்னையும் என் சாவிக்கொத்தையும் யாரும் எதிர்பார்த்துக் காத்திருக்கவே இல்லை.

"நல்ல நேரம் ஒன் மெஷினுக்காவக் காத்துக்கிட்டா கெடக்கும்?" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அணைக்கச் சொன்னவன் நாந்தானே தாயி. போ, போயி ஒரு காப்பியக் குடி."

அங்கேயே, பட்டுப்புடவை எடுக்க வந்தவர்கள் முன்னால் அழுதேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தரமணிக் கம்பெனிக்குப் பொறுப்பு போகவில்லை. டூப்ளிகேட் சாவிகள்தான் அந்தந்தக் கடைக்குப் போயின.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு மாடிக்கு வந்தார். நான் பதறி எழுந்து, அணைக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"மெஷினு ஓடட்டும். போன வருசம் வேலையக் காட்டுனது இதுதான? ஓய்வு இதுக்குத்தான் வேணும்" என்று என் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்துச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்.

இப்போது பதினெட்டுக் கடைகள். எனக்குக் கீழே ஆறு பேர். ஆயுத பூஜைக்கு ஆறு பேரும் வரிசையில் நின்று என் விரலுக்குப் பொட்டு வைக்கிறார்கள். மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலும் இது சம்பிரதாயமாகிவிட்டது. போன வருஷம் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் என் விரலையும் வைத்துப் பொட்டிட்டாள் என் மகள். தீபாராதனை முடிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"அம்மா, பூஜைல வெச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும்" என்றாள். என் அப்பா பக்கத்திலிருந்து, "கொழந்தை சொல்றது சரிதான், ஆத்துல அத்தனை மெஷின் ஓடிண்டிருக்கு" என்றார்.

நான் இடது கையால் சுண்டல் தின்றேன்.