சரிவு இருக்கா?

“வாசல்ல சரிவு ஏதாச்சும் இருக்காம்மா?”

போனில் ஆபீசர் இப்படிக் கேட்டதும் கண்ணாயி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். பின்கட்டு ஜன்னலோரம் மட்டும்தான் டவர் கிடைக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“இல்லவே இல்லீங்க சார்! வெறும் படிதானுங்க!”

“அப்படியா...” ஆபீசர் இழுத்தார். “சரி, சோளக்காடு ஊரத் தாண்டிட்டோம். வந்திடுறோம்.”

மிளகு பறிக்க மரமேறி விழுந்ததிலிருந்து அவள் புருஷன் செல்லமுத்துவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலி வந்தும் இரண்டு வருடமாக வீட்டுக்குள்ளேயே கிடந்தார். வாசலில் சிமெண்ட் சரிவும், கைப்பிடி வைத்த கழிப்பறையும் அரசாங்கம் கட்டித் தரும் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டிருந்தாள். வீட்டைப் பார்த்து எழுதத்தான் இன்று ஆபீசர் வருகிறார். ஒவ்வொரு தடவையும் கழிப்பறைக்குத் தூக்கிப் போகச் சொல்லிப் புருஷன் தலைகுனிவதை அவளால் தாங்க முடியவில்லை. மனு தள்ளுபடியானால் அவ்வளவுதான்.

வம்பு என்னவென்றால், வாசலில் சரிவு இருந்தது. பெரிய மனுஷர் வருகிற வீட்டில் ஏறி இறங்கச் சிரமம் கூடாதென்று கொழுந்தன் அர்த்தனாரி விடிந்ததும் விடியாததுமாகச் செம்மண் கொட்டி, மிதித்து, சாணி மெழுகி வைத்திருந்தான். கேட்டால் மரியாதையாம்!

“இத வெட்டிப் போடு தம்பி! பார்த்தா, இவங்களுக்கு எதுக்குன்னு எழுதிட்டுப் போயிருவாரு!”

“ஏனுங்க அண்ணி, இப்பத்தான் மெழுகுனேன்...”

“வெட்டுங்கறேன்!”

வெட்டினான். சரிவு போயிற்று. ஆனால் அடியில் படியைக் காணோம்.

“படிக்கல்லு எங்கடா?”

“அதப் பேத்துத்தானுங்க அடியில போட்டிருந்தேன். இப்ப மண்ணோட உருண்டு காப்பித் தோட்டத்துக்குள்ள போயிருச்சு.”

வாசலுக்குக் கீழே இடுப்பளவு பள்ளம். போகட்டும், காட்டுவதற்கு ஆளாவது இருக்கிறாரே என்று உள்ளே திரும்பினாள். கட்டிலில் ஆளில்லை.

“உங்கண்ணன் எங்க?”

“நீங்க போன்ல இருந்தப்பவே சரிவுல நாற்காலிய உருட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போயிருச்சுங்க. ரெண்டு வருசம் கழிச்சு வெளிய போவுது, மூஞ்சியில அத்தன சந்தோசமுங்க.”

கண்ணாயிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெளியே வரவே வழியில்லை என்று மனுவில் அவள் எழுதியிருந்த ஆள், ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்!

“ஓடு! முதுகுல சுமந்தாவது கொண்டாந்திரு!”

போன அர்த்தனாரி திரும்பவில்லை. டீக்கடைப் பக்கம் ஜீப் வந்து நிற்கிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாயி எட்டுக்கை அம்மனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள். அரை மணி நேரம் போனதும் இன்னொரு சேவலையும் சேர்த்தாள்.

கடைசியில் ஜீப் டிரைவர் மட்டும் வந்தார். பள்ளத்துக்குள் நின்று ஒரு தாளை மேலே நீட்டினார்.

“கையெழுத்துப் போடுங்கம்மா. சரிவு, கழிப்பறை ரெண்டுக்கும் சார் சரின்னு எழுதிட்டாரு. உங்க வீட்டுக்காரரோட உக்காந்து டீ குடிச்சிட்டிருக்காரு.”

“மேல வந்து பார்க்காமயேவா?”

“எப்படிம்மா வருவாரு? அவரும் வீல்சேர்லதான். சரிவு இருக்கான்னு போன்ல கேட்டதே, அவரு ஏறி வர்றதுக்குத்தாம்மா!”