பூரணியின் இங்கிலீசும் விரிக்காத குடையும்

மேல்கணக்கு லயம்,
பொகவந்தலாவை.
புதன்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் லெட்சுமணன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் அழகுமுத்து வணக்கத்துடன் எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் பூரணியும் சுகம். நோட்டன் பிரிட்ஜில் தாங்களும் பிள்ளைகளும் சுகமென நம்புகிறேன். நிற்க, தாங்கள் உடனே புறப்பட்டு வந்து தங்கள் தங்கைக்கு நாலு புத்தி சொல்ல வேண்டும்.

விஷயம் இதுதான். நம்ம தேயிலைத் தோட்டத்துப் பழைய தொரை பங்களாவ டூரிஸ்ட் ஹோட்டலா மாத்திட்டாங்க. வர்ற வெள்ளைக்காரங்களுக்குக் கொழுந்து பறிச்சுக் காட்ட ஒரு பொம்பளை வேணுமாம், இங்கிலீசு கொஞ்சம் பேச எழுதத் தெரியணுமாம். இருபத்தாறு வருசமாக் கொழுந்தெடுக்குற பூரணி "நான் போறேன்"னு நின்னா. வாசிகசாலையில நிஷாந்தி டீச்சர் நடத்துற ஞாயித்துக்கிழமை வகுப்புல சேர்ந்துட்டா. அந்த டீச்சர் புத்தகமே தொடுறதில்ல மச்சான், எல்லாம் படம், எல்லாம் விளையாட்டு. படத்தப் பாத்து யாரு, எங்க, என்ன செய்யுறாங்கன்னு சொல்லணும். இப்ப வீட்டுச் சுவரெல்லாம் படம். தேத்தண்ணி கேட்டா, "வாட் இஸ் த மேன் டூயிங்?"ங்கிறா. பதில் சொன்னாத்தான் டம்ளர் கைக்கு வரும். எனக்கு "ஸ்லீப்பிங்" ஒண்ணுதான் தெரியும். சைக்கிள் ஓட்டுறவனையும் தூங்க வச்சேன்.

போன கிழமை ஜோடி விளையாட்டாம், ஆள் குறையுதுன்னு என்னையும் இழுத்துட்டுப் போனா. முதுகோட முதுகு உக்காந்து நான் படத்தப் பாத்துச் சொல்லணும், அவ பாக்காம வரையணும். நான் "கவ், வாட்டர், மேன்"ன்னேன். அவ வரைஞ்சதுல ஆத்துக்குள்ள மாடு, மாட்டு மேல மனுசன். உள்ளபடி அந்தாளு கரையில நின்னு மாட்டக் கழுவிக்கிட்டிருந்தான். வாசிகசாலையே சிரிச்சுச்சு. பூரணி அப்படிச் சிரிச்சு நான் பாத்து எத்தன வருசம்!

அதோட விட்டிருக்கலாம். ஆளுக்கொரு படம் குடுத்து எழுதச் சொன்னாங்க. பூரணிக்கு வந்தது பஸ் ஸ்டாண்டுல குடையோட நிக்கிற ஒருத்தன். அவ எழுதினத டீச்சர் எனக்காகத் தமிழ்ல சொன்னாங்க: "இவர் என் கணவர். டிக்கோயா ஆஸ்பத்திரியில் எனக்கு ஆபரேசன். வெளியே மழை. எனக்குப் புதுக்குடை வாங்கி வந்தார். அது நனையக்கூடாதென்று விரிக்காமல், தான் நனைந்து நின்றார்."

பதினஞ்சு வருசமாச்சு மச்சான். அன்னிக்கு அவ "கிறுக்கு மனுசன்"னு ஒரே வார்த்தைதான் சொன்னா. இத இப்படி மனசுல வச்சிருக்கான்னு நான் எங்க கண்டேன்? அத்தன பேர் முன்னால கண்ணத் தொடைக்க வேண்டியதாப் போச்சு.

திங்கக்கிழமை பங்களாவுல நேர்முகம். "உன்னைப் பத்திச் சொல்லு"ன்னு மேனேஜர் இங்கிலீசுல கேட்டாராம். படம் இல்லாம இவளுக்குப் பேச்சு வரல. முழிச்சுக்கிட்டு நின்னவ, சன்னல் வழியா மலையக் காட்டி, "தட் இஸ் மை ஃபிரெண்ட் காளியாயி. ஷி இஸ் பிளக்கிங் டீ"ன்னு ஆரம்பிச்சு, மலையில நின்ன அத்தன பேரையும் சொல்லி முடிச்சிட்டுத்தான் நிறுத்தினாளாம். வேலை கெடச்சிருச்சு.

எனக்குத்தான் பயமா இருக்கு. ஊர் உலகத்தோட பேசிப் பழகினவளுக்கு, நாளைக்கு "ஸ்லீப்பிங்" மட்டும் தெரிஞ்சவன்கிட்டப் பேச என்ன இருக்கும்? அதான், வந்து தடுத்துருங்க.

தங்கள் வீட்டில் விளக்கும் சிரிப்பும் குறையாதிருக்க அம்மனை வேண்டும்,
அழகுமுத்து

பி.கு.: தபால்ல போடுமுன்ன பூரணி இத வாங்கிப் படிச்சுட்டா. அப்புறம், "ஜோடியில்லாம நான் மட்டும் எப்படிங்க வகுப்புக்குப் போறது?"ன்னா. நீங்க வர வேணாம் மச்சான். எழுதின தாள வீணாக்க மனசில்லாமத்தான் அனுப்புறேன். வகுப்புல பேர் பதியுற இடாப்புல அவ பேருக்குக் கீழ என் பேரையும் எழுதிட்டு வந்தேன். இங்கிலீசுல.