ஐ ஆம் ஃபைன் என்றால் நம்பக்கூடாது

அன்பும் மரியாதையும் உள்ள சகாதேவன் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் மதிவதனி திருவண்ணாமலையிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். இங்கே ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மலை காலையில் தெரிகிறது, மத்தியானம் மேகத்துக்குள் போய்விடுகிறது. அங்கே நீங்களும், அத்தையும், தம்பி வல்லரசுவும், போன வாரம் கன்று போட்ட மாடும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் மோட்டார் ரிப்பேர் செய்த கிரீஸ் கையோடு போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். கடையில் காத்திருப்பவர்கள் எல்லோரும், "யாரு, மதியா? சாப்டியாம்மா?" என்பார்கள். எனக்கு இருக்கிற கொஞ்சநஞ்சக் குரலும் அத்தோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன். விஷயம் இதுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை வீட்டுக்கு அழைத்துப்போய்விடுங்கள். நம் தெருப் பொன்னி வேலைக்குப் போகிற ஷூ கம்பெனி வேனில் நானும் போகிறேன். அங்கே யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லையாம், மெஷின் சத்தத்தில் பேசினாலும் கேட்காதாம். எனக்கு அதுதான் சரி.

உங்களைக் குறை சொல்லவில்லை, மாமா. ஆனால் ஆரம்பித்துவைத்தது நீங்கள்தான். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அருணாதேவி அக்காவின் மோட்டாரைச் சரிசெய்ய வந்த நீங்கள், மோட்டாரை மட்டும் சரிசெய்துவிட்டுப் போயிருக்கலாம். "எங்க அக்கா பொண்ணு ஒண்ணு கீதுங்க. இங்கிலீஷ் அதுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லிவிட்டீர்கள். நான் தமிழிலேயே வாய் திறக்காதவள் என்பது கீழ்பென்னாத்தூர் முழுவதும் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் பேரைக் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' சொல்வதற்குப் பக்கத்துப் பெண்ணை வைத்திருந்தவள் நான். அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆன வருடம் ஒன்பதாவதோடு நின்றபோது, அந்தப் பெண்ணுக்குத்தான் ஒரு வேலை குறைந்தது.

முதல் நாளே உண்மை தெரிந்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் ஏதோ கேட்டார், நான் போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அருணாதேவி அக்கா திட்டவில்லை. என்னை வெளியே கூப்பிட்டு, "சரி, கார்த்திகை தீபம் வரைக்கும் டைம். அதுக்குள்ள முன்னாடி நின்னு நாலு வார்த்தை பேசக் கத்துக்கோ. முடியலன்னா உங்க மாமாவ வரச் சொல்லி அனுப்பிடுறேன்" என்றார். மத்தியானச் சாப்பாடு முடிந்து சாயங்காலம் கடை திறக்கும்வரை சுவரில் இருக்கிற டிவியில் இங்கிலீஷ் படம் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கீழே தமிழில் எழுத்து வரும். பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், சொல்லிப்பார்க்க வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

படிப்பு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, மாமா. சமையல் செய்கிற எல்லம்மாள் அக்காவும் என்னோடு உட்கார்ந்து பார்ப்பார். அவருக்கு ஊர் அடி அண்ணாமலை. வேகவைத்த வேர்க்கடலையோ, மீந்த மாவில் போட்ட வெங்காயப் போண்டாவோ நடுவில் இருக்கும். நான் கீழே வருகிற எழுத்தை மெதுவாகப் படித்துச் சொல்வேன். பாதி படிப்பதற்குள் அவரே கதையைச் சொல்லி முடித்துவிடுவார். எப்படித் தெரியும் என்று கேட்டால், சாப்பாட்டைப் பார்த்தால் தெரியாதா என்பார். இங்கிலீஷ் படத்தில் யாரும் முழுதாகச் சாப்பிடுவதே இல்லை. இதை நான் அதுவரை கவனித்ததில்லை. காலையில் மேசை நிறைய வைப்பார்கள், ஒருவன் வருவான், ஒரு கடி கடிப்பான், ஓடிவிடுவான்.

"தோ பாரு, முட்ட வச்சா, ரொட்டி வச்சா, ஜூஸ் ஊத்தனா. சாவிய எடுத்துக்கினு ஓடறான். செஞ்சவ மனசு இன்னா பாடுபடும்" என்று எல்லம்மாள் அக்கா டிவியைத் திட்டுவார். பிறகு, "இவனுக்கு மனசுல என்னமோ கீது. இல்லன்னா சோத்த வச்சிட்டுப் போவமாட்டான்" என்பார். அரை மணி நேரத்தில் படமும் அதையே சொல்லும்.

நான் கண்டுபிடித்தது வேறு. படத்தில் 'ஐ ஆம் ஃபைன்' என்று யார் சொன்னாலும் அவர்களுக்கு உடம்போ மனசோ சரியில்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவன் சொல்கிறான். புருஷன் பெட்டியோடு வெளியேறிய பிறகு வாசலில் நிற்கிறவள் சொல்கிறாள். தோளில் குண்டு பாய்ந்தவன் ரத்தம் ஒழுக ஒழுகச் சொல்கிறான். எல்லம்மாள் அக்காவிடம் சொன்னேன். அவர் யோசித்து, "நல்லா கீறவன் எதுக்குடி அத சொல்லிக்கினு திரியப்போறான்" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

காலையில் இட்லிப் பானை முன்னால் நின்று பழகுவேன். 'நோ வொரீஸ்', 'டேக் யுவர் டைம்', 'ஸ்மெல்ஸ் குட்'. பொங்கலுக்கு நெய் ஊற்றியதும் நான் 'ஸ்மெல்ஸ் குட்' என்பேன், எல்லம்மாள் அக்கா கரண்டியை ஆட்டி 'தேங்க்யூ' என்பார். இட்லி ஆவியிடம் பேசுவது சுலபம், மாமா. அது திரும்பி என் முகத்தைப் பார்க்காது. இப்படிப் பேசிப் பேசி என் குரல் எனக்கே பிடிக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து அருணாதேவி அக்கா என்னை முன்னால் நிற்கவைத்தார்.

வாசலுக்கு வருகிறவர்களை நாம் முதலில் என்ன கேட்போம்? சாப்பிட்டீர்களா என்றுதானே. நானும் வந்தவர்களை எல்லாம் 'ஹேவ் யூ ஈட்டன்?' என்று கேட்டேன். டீ குடிக்க வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, ஆமாம் சாப்பிட்டுவிட்டோம் என்று சொல்லி, ஏதோ தப்புச் செய்தவர்கள் மாதிரி ஸாரி கேட்டுவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். "சாப்பாட்டுக் கட வாசல்ல நின்னு சாப்டாச்சான்னு கேட்டா, அவங்க வேற எங்க போவாங்க?" என்றார் அருணாதேவி அக்கா. அதோடு போகவில்லை. பௌர்ணமி வந்தது. கிரிவலம் முடித்த ஜனம் கால் தூசியோடு வாசல்வரை வரிசையில் நிற்கிறது. சாப்பிட்டு முடித்த நான்கு வெளிநாட்டுக்காரர்கள் எழுந்திருக்கலாமா என்பது போல என்னைப் பார்த்தார்கள். நான் பதற்றத்தில் 'டேக் யுவர் டைம்' என்று சொல்லிவிட்டேன். அவர்கள் என்னைக் கும்பிட்டு, காலை மடக்கி உட்கார்ந்து, கண்ணை மூடித் தியானம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். காலி டம்ளர் முன்னால் நான்கு பேரும் சிலை மாதிரி. வரிசையில் நின்ற ஒரு அம்மா, "இவங்களுக்குக் கற்பூரம் காட்டினாத்தான் எழுந்திருப்பாங்களா?" என்று கேட்டார்.

இதையெல்லாம்கூட அருணாதேவி அக்கா பொறுத்துக்கொண்டார். நேற்று நடந்ததைத்தான் பொறுக்கவில்லை. மார்த்தா என்று ஒரு வெளிநாட்டு அம்மா. எங்கள் அம்மா வயதுதான் இருக்கும், தனியாக வருவார், ஜன்னல் ஓரம் உட்காருவார். ஒரு தோசை கேட்பார், பாதி சாப்பிடுவார். இன்னொன்று வைக்கட்டுமா என்றால், 'நோ, தேங்க்யூ, ஐ ஆம் ஃபைன்' என்பார். நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதல் 'போதும்' மரியாதைக்கு. இரண்டாவது 'போதும்' பக்கத்தில் இருப்பவர்களுக்காக. மூன்றாவது வந்தால்தான் கையை எடுக்க வேண்டும். போன தடவை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு 'போதும்' சொன்ன பிறகு எத்தனை வடை சாப்பிட்டீர்கள் என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் மார்த்தா அம்மாவின் முதல் 'நோ'வை நான் எடுத்துக்கொள்ளவே இல்லை. பொங்கல் வைத்தேன். கேசரி வைத்தேன். அவர் 'ஐ ஆம் ஃபைன்' என்று சொல்லச் சொல்ல எனக்குப் பயம் ஜாஸ்தியாகிக்கொண்டே போனது.

நேற்று அவர் தோசையை ஒரு வாய் பிட்டுவிட்டு எழுந்து, பையை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த எல்லம்மாள் அக்கா, "அடியே, சோத்த வச்சிட்டுப் போவுதுடி" என்றார். இரண்டு பேரும் ஒரே படத்தைத்தான் நினைத்துக்கொண்டோம். நான் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் வழிமறித்து, 'யூ ஆர் நாட் ஃபைன். ப்ளீஸ் சிட்' என்றேன். எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை, ஆட்டோக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மார்த்தா அம்மா பக்கத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். தோசையை வாங்கி ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. வேகமாக ஏதோ சொன்னார், ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம் எழுந்து போய்விட்டார்.

கடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்த அருணாதேவி அக்கா என் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தார். பிறகு, "தனியா இருக்கணும்னுதான் கடல் தாண்டி இங்க வர்றாங்க. நீ தட்டோட தொரத்திக்கினு போயி அழவச்சு அனுப்புற. வேணாம்மா, மாமாவ வரச் சொல்லு" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. இன்று காலை ஜன்னல் ஓர மேசை காலியாக இருந்தது. ஒரு மனுஷியைச் சாப்பிட விடாமல் செய்துவிட்டேனே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆகவே ஞாயிறன்று வந்துவிடுங்கள். அம்மாவிடம், கடையில் ஆள் ஜாஸ்தியாகிவிட்டது, அதனால் அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லுங்கள். அத்தைக்கு என் வணக்கம். வல்லரசுவைப் பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் அவனே பதில் சொல்லச் சொல்லுங்கள். பெரியவர்கள் எல்லோருடைய காலிலும் விழுந்ததாக நினைத்து என்னை ஆசீர்வதிக்க வேண்டுகிறேன்.

உங்கள் அக்கா மகள்,
மதிவதனி

பின்குறிப்பு: மாமா, உறையை ஒட்டுவதற்குள் மார்த்தா அம்மா வந்துவிட்டார். மத்தியானம், கடை மூடுகிற நேரம். அருணாதேவி அக்கா முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்க, நேற்று அழுததற்குச் சட்னியில் இருந்த மிளகாய்தான் காரணம் என்றார் மார்த்தா அம்மா. அக்கா உடனே மிளகாய் பற்றி விசாரிக்க அடுப்படிக்குப் போய்விட்டார். "நான் போட்டது ரெண்டே ரெண்டு மொளகா, சாமி சத்தியமா" என்று எல்லம்மாள் அக்கா சொல்வது வெளியே கேட்டது. அப்போது மார்த்தா அம்மா என் கையைப் பிடித்து, மிளகாய் இல்லை என்று தலையை ஆட்டினார். எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். இந்த வருடம் அவருடைய அக்கா இறந்துவிட்டாராம். பார்க்கிறவர்களிடம் எல்லாம் 'ஐ ஆம் ஃபைன்' என்று சொல்லிக்கொண்டே இத்தனை தூரம் வந்திருக்கிறார், எல்லோரும் சரி என்று போய்விட்டார்கள். அவருடைய அக்கா ஒருவர்தான் அதை எப்போதும் நம்பாதவராம். அவ்வளவும் எனக்குப் புரிந்தது, மாமா. உட்காரவைத்து ரசம் சாதம் போட்டேன். முழுதாகச் சாப்பிட்டார்.

போகும்போது அருணாதேவி அக்காவிடம், தீபம் முடியும்வரை இங்கேதான் சாப்பிடப்போவதாகவும், இந்தப் பெண்தான் பரிமாற வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா என்னைக் கூப்பிட்டு, "இருந்துக்கோ. ஆனா அவங்க போதும்னா வுட்டுடணும்" என்றார். "மொத போதுமாக்கா, ரெண்டாவதாக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் நானாகவே அவரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

அதனால் ஞாயிறன்று வர வேண்டாம். பொன்னியிடம் வேனில் இடம் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேலே எழுதியது எல்லாம் வீணாகிவிட்டது, கிழித்துவிட்டு 'நலம்' என்று இரண்டு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நான் இதுவரை யாரிடமும் இவ்வளவு நேரம் பேசியதில்லை, மாமா. கிழிக்க மனசு வரவில்லை.